லேசர் கண் சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன்

தை மாத முகூர்த்தங்களுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரக் கண் மருத்துவமனைகளில் ஒரு கேள்வி தவறாமல் காதில் விழத் தொடங்கிவிடும்: "பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு, கண்ணாடியை எடுத்துடணும், லேசர் பண்ணினா எத்தனை நாள்ல சரியாகும்?" கண் பரிசோதகராகப் பல ஆண்டுகள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். லேசர் சிகிச்சை வேண்டாம் என்று யாரையும் தடுப்பது என் நோக்கமன்று. தகுதியான கண்ணுக்குச் செய்தால் அது நல்ல சிகிச்சை; செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நிறைவாகவே இருக்கிறார்கள். ஆனால் ஒரு கண் தகுதியானதா இல்லையா என்பது அறுவை அரங்கில் தெரியவருவதன்று, அதற்கு முந்தைய பரிசோதனையில்தான் தெரியவரும். பின்னாளில் வரும் பெரும் இழப்புகள் பல, அந்தப் பரிசோதனையை அவசரமாக முடித்ததால் வந்தவை.

"சரியாகும்" என்ற சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கிட்டப்பார்வை பொதுவாகக் கண்விழி சற்று நீளமாக வளர்ந்துவிடுவதால் வருவது. லேசர் அந்த நீளத்தைக் குறைப்பதில்லை. கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடிபோல் கவிந்திருக்கும் கருவிழியின், அதாவது கார்னியாவின், நடுப்பகுதியைச் செதுக்கித் தட்டையாக்கி, ஒளி விழித்திரையில் போய்க் குவியும்படி செய்கிறது. செதுக்கிய திசு திரும்ப வளராது. விழி நீண்டிருப்பதால் விழித்திரை மெலிந்து கிழியக்கூடிய ஆபத்தும் அப்படியே இருக்கும். எனவே கண்ணில் மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்து விழித்திரையின் ஓரங்களைப் பார்க்காமல் நாள் குறிக்கும் இடத்தில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

கேட்டு வாங்க வேண்டிய எண்கள்

முதல் எண், கருவிழியின் தடிமன். சராசரியாக இது 540 மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பாதி. லாசிக் முறையில் மேற்புறத்தில் ஏறக்குறைய 110 மைக்ரான் தடிமனுள்ள ஒரு மெல்லிய மடலை, மருத்துவமனைகளில் ஃபிளாப் என்று சொல்வதை, அறுத்துப் புத்தகத்தின் அட்டைபோலத் திருப்பி வைத்து, அதன் அடியில் லேசரால் செதுக்குகிறார்கள். ஒரு டையாப்டர் (கண்ணாடிப் பவரை அளக்கும் அலகு) பவரைப் போக்க, செதுக்கும் வட்டத்தின் அளவைப் பொறுத்து, 12 முதல் 15 மைக்ரான் போகும். ஆக, மைனஸ் 6 பவர் உள்ளவருக்கு 15 வீதம் 90 மைக்ரான் செதுக்கினால், மடலையும் சேர்த்து 200 மைக்ரான் கணக்கில் வருகிறது. 540 உள்ளவருக்கு மடலுக்குக் கீழே 340 மிஞ்சும். 480 மட்டுமே உள்ளவருக்கு 280தான் மிஞ்சும். 250க்குக் கீழே போகக் கூடாது என்பது நெடுநாளைய எல்லை. எச்சரிக்கையான மருத்துவர்கள் 300ஐயாவது விட்டுவைக்க விரும்புகிறார்கள். மடலும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 விழுக்காட்டைத் தொட்டாலும் ஆபத்து கூடுகிறது. இரண்டாமவருக்கு அது ஏறத்தாழ 42 விழுக்காடு. ஒரே பவர், ஒரே இயந்திரம், ஒரே மருத்துவர் என்றாலும் இரண்டு கண்களின் விதி வேறுவேறாக இருப்பது இதனால்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை செய்துகொண்டு நன்றாக இருக்கிறான் என்பது உங்கள் கண்ணைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

அடுத்தது கருவிழியின் வடிவத்தைக் காட்டும் வண்ணப்படம், டோப்போகிராபி. இதில் நீலமும் பச்சையும் தட்டையான இடங்கள், சிவப்பு செங்குத்தாகப் புடைத்த இடம். ஒரு கல்லூரி மாணவரை அவருடைய தாயார் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து அழைத்து வந்திருந்தார். வேறோர் இடத்தில் அறுவைக்குத் தேதி குறித்துவிட்டார்கள். இன்னொருவரும் பார்த்துச் சொன்னால் மனநிறைவாக இருக்கும் என்று வந்தவர்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பத்து நிமிடத்தில் அந்தப் பிள்ளை நான்கு முறை விரல் முட்டியால் கண்ணை அழுத்திக் கசக்கினான். கேட்டபோது, "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தாங்க, வெயில் காலம் வந்தா கண்ணு அரிக்கும், கசக்கிக்கிட்டே இருப்பான்" என்றார் தாயார். சிலிண்டர் பவர், அதாவது கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே சீராக வளையாததைத் திருத்தும் பவர், ஒவ்வோர் ஆண்டும் கூடிக்கொண்டே வந்திருந்தது. படம் எடுத்தபோது இரண்டு கண்களிலும் கருவிழியின் கீழ்ப்பாதியில் சிவப்பாக ஒரு புடைப்பு தெரிந்தது. கெரட்டோகோனஸ், கருவிழி மெலிந்து கூம்பாகும் நோய், ஆரம்ப நிலையில் இருந்தது. அந்தக் கண்ணை லேசரால் மேலும் மெலியவைத்திருந்தால் அது முன்னோக்கிப் பிதுங்கி, கண்ணாடியாலும் திருத்த முடியாத பார்வைக் கோளாறில் கொண்டுபோய் விட்டிருக்கக்கூடும். அவனுக்குத் தேவைப்பட்டது அரிப்புக்கான மருந்தும், ரிபோஃப்ளேவின் சொட்டும் புற ஊதா ஒளியும் கொண்டு கருவிழியை உறுதிப்படுத்தும் சிகிச்சையுந்தான். நம் ஊர் வெயிலிலும் புழுதியிலும் ஒவ்வாமையால் கண் அரிக்கும் பிள்ளைகள் ஏராளம். வீட்டில் கண் கசக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இந்தப் படம் சரியாக வரவேண்டுமானால் கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதை முன்கூட்டியே நிறுத்தியிருக்க வேண்டும்: மென்மையான லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் குறைந்தது மூன்று நான்கு வாரம். காலையில் லென்ஸைக் கழற்றிவிட்டு மாலையில் எடுத்த படத்தை நம்ப வேண்டாம். பவர் ஓராண்டாவது பெரிதாக மாறாமல் இருந்திருக்க வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் காத்திருக்க வேண்டும். முடக்குவாதம், கட்டுக்குள் வராத சர்க்கரை, முன்பு கண்ணில் வந்த ஹெர்பிஸ் வைரஸ் தொற்று, முகப்பருவுக்கு உட்கொள்ளும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை ஆகிய எதையும் மறைக்கக் கூடாது.

உலர்வும் இரவு வெளிச்சமும்

மடலை அறுக்கும்போது கருவிழியின் நரம்பிழைகளும் அறுபடுகின்றன. கண்ணீர் சுரக்கத் தூண்டுவதில் அவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. அவை மீண்டும் வளர ஆறு மாதம் முதல் ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். அதுவரை கண்ணில் மணல் விழுந்ததுபோன்ற உறுத்தல் இருக்கலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நடத்திய ஆய்வுகளில், முன்பு உலர்வே இல்லாதவர்களில் 30 விழுக்காடு வரையிலானோர் மூன்றாம் மாதத்தில் உலர்வு இருப்பதாகச் சொன்னார்கள். அதுபோலவே, முன்பு பார்வைத் தொந்தரவு ஏதும் இல்லாதவர்களில் 46 விழுக்காடு வரையிலானோர், விளக்கைச் சுற்றி ஒளிவளையம், கூச்சம், இரட்டை உருவம் போன்றவற்றில் ஒன்றையாவது புதிதாக உணர்ந்தார்கள். அன்றாட வேலையே முடங்கும் அளவுக்குப் போனவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் அந்தச் சிலரில் ஒருவராக இருப்பவருக்கு விழுக்காடு ஆறுதல் தராது. கண்ணின் ஓரத்தில் காகிதப் பட்டை வைத்து ஐந்து நிமிடம் கண்ணீரை அளக்கும் ஷிர்மர் பரிசோதனையைக் கட்டாயம் கேளுங்கள். அதில் 10 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் முதலில் உலர்வுக்கு வைத்தியம், பிறகே லேசரைப் பற்றிய பேச்சு.

திருமணத்துக்காகச் செய்துகொள்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் அறுவை செய்த கண்ணுடன் ஓமப் புகைக்கு எதிரே இரண்டு மணி நேரம் உட்காரப் போகிறீர்கள். கண் மையும் இருக்கும். ஆறு மாத இடைவெளியாவது இல்லாவிட்டால் கண்ணாடியுடனேயே மணமேடை ஏறுவது மேல் என்பது என் உறுதியான கருத்து. இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் இன்னும் ஒருமுறை யோசிக்க வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று எதிரெதிரே வண்டிகள் வரும் சாலையில், எதிர்விளக்கு ஒவ்வொன்றும் பூப்போல விரிந்து தெரிந்தால் என்னவாகும் என்பதை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

வயலும் ஆறும்

மடல் தன் இடத்தில் ஒட்டிக்கொள்ளுமே தவிர, பழைய வலிமையுடன் ஒருபோதும் பிணைவதில்லை. ஆண்டுகள் கழித்தும் அடிபட்டு மடல் நகர்ந்த நிகழ்வுகள் உண்டு. அறுவடை நாளில் களத்துமேட்டில் பறக்கும் தூசும், நெல் சுணையும், கன்று துள்ளும்போது முகத்தில் படும் வாலும் நம் வாழ்க்கையில் அன்றாடம் நடப்பவை. இத்தகையோருக்கும் கபடி ஆடுபவர்களுக்கும், மடலே இல்லாமல் மேற்பரப்பிலிருந்து செதுக்கும் பி.ஆர்.கே. முறை பொருந்துமா என்று கேட்பது நல்லது. அதில் மூன்று நான்கு நாள் நல்ல வலி இருக்கும், பார்வை தெளியச் சில வாரமாகும், கருவிழியில் மங்கல் படியாமலிருக்க வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். சிறு துளை வழியே உள்ளடுக்கை எடுக்கும் ஸ்மைல் முறையில் மடலும் இல்லை, உலர்வும் பொதுவாகக் குறைவு. ஆனால் மீதிப் பவரைத் திருத்த வேண்டி வந்தால் அது அவ்வளவு எளிதன்று. எந்த முறையானாலும் கூம்பாகும் இயல்புள்ள கருவிழிக்கு ஆகாது.

நெல் சுணை பட்ட கண்ணில் பூஞ்சைப் புண் வருவதை நம் மருத்துவர்கள் நன்கறிவார்கள். ஆதலால் சம்பா அறுப்புக்கு முந்தைய மாதத்தில் அறுவைக்குத் தேதி வாங்க வேண்டாம். ஆடிப்பெருக்கு, ஐப்பசித் துலா நீராடல், மாசி மகம் ஆகியவற்றுக்கு முன்னும் ஒரு மாத இடைவெளி விடுங்கள். ஆற்று நீரிலும் குளத்து நீரிலும் உள்ள நுண்ணுயிர்கள் ஆறாத கருவிழியில் நுழைந்தால் பார்வையையே பறித்துவிடும். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் அந்தக் கண்ணில் விடக் கூடாது. பாட்டி அன்போடு சொன்னாலும் பணிவோடு மறுத்துவிடுங்கள்.

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ செய்துகொள்வதானால், மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று வரும் மறுபரிசோதனைகளுக்கு வேதாரண்யத்திலிருந்து எப்படிப் போவீர்கள் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். வலி கூடினாலோ, கண் சிவந்து பீளை தள்ளினாலோ, தெளிந்த பார்வை திரும்ப மங்கினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மருந்துக்கடையில் அதே ஸ்டீராய்டு சொட்டைத் தாமாகத் தொடர்ந்து வாங்கி விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கண் அழுத்தத்தை ஏற்றும்.

பணி, பணம், பிற்காலம்

ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் லேசரை மறந்துவிடுங்கள்; லாசிக் செய்தவர்கள் அந்தப் பணியின் மருத்துவத் தகுதியில் தேற மாட்டார்கள். பொன்மலைப் பக்கத்தில் ரயில்வே வேலையையே கனவாகக் கொண்ட வீடுகளில்கூட இது தெரியாமல் செய்துவிடுகிறார்கள். மற்ற சீருடைப் பணிகளுக்கும் அறிவிப்பைப் படித்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் 7.5 டையாப்டருக்குக் குறைந்த பவருக்கான திருத்தச் சிகிச்சை பொதுவாக விலக்கப்பட்டிருக்கிறது, பணம் கைக்காசுதான். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தால், தமிழில் வாசித்து விளக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

நாற்பது வயதைத் தாண்டியதும் படிக்கக் கண்ணாடி வரும். லேசர் அதைத் தடுக்காது. அதைவிட முக்கியமான ஒன்றைப் பெரும்பாலோர் சொல்வதில்லை. செதுக்கிய கருவிழி மெலிந்திருப்பதால் கண் அழுத்தத்தை அளக்கும் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கண்ணழுத்த நோய் கண்ணில் படாமல் நழுவிவிடலாம். அறுபது வயதில் கண்புரை அறுவைக்குப் போகும்போதும், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரங்கள் இந்தக் கண்ணில் பிழை காட்டும். இரண்டுக்கும் அறுவைக்கு முந்தைய பதிவுகள் பெரிதும் உதவும். மருத்துவமனை முப்பது ஆண்டுகள் உங்கள் கோப்பை வைத்திருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். பழைய பவர், கருவிழியின் தடிமன், வளைவு அளவுகள், கண் அழுத்தம், வண்ணப்படம், செதுக்கிய மைக்ரான் அளவு, தேதி ஆகிய இவற்றை அச்சிட்டு வாங்கி, ஒரு நகல் எடுத்து, நிலப் பட்டாவும் பிறப்புச் சான்றும் இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். அச்சுத் தாளில் மை காலப்போக்கில் மங்கும் என்பதால், அதே எண்களை ஒரு தாளில் பேனாவால் எழுதியும் வையுங்கள். எது வலக்கண், எது இடக்கண் என்பதைத் தமிழிலேயே குறித்துவிடுங்கள்.