டெபியன் இன்ஸ்டாலரின் புதிய வெளியீட்டைச் சோதிப்பது எப்படி

டெபியன் என்னும் லினக்ஸ் ஓஎஸின் பெரிய பதிப்பு ஒவ்வொன்றுக்கும் முன்னால், அதைக் கணினியில் நிறுவும் மென்பொருளான இன்ஸ்டாலர், ஆல்ஃபா (தொடக்க நிலை), ஆர்சி (இறுதிக்கு முந்தைய நிலை) என்று படிப்படியாக வெளிவரும். 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த ட்ரிக்ஸி என்னும் 13ஆம் பதிப்புக்கும் அப்படித்தான் வந்தது. அந்த இடைப்பட்ட மாதங்களில்தான் வெளியிலிருந்து வரும் சோதனை மிகவும் பயன்படும். மற்ற மென்பொருளில் பிழை இருந்தால் அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும். இன்ஸ்டாலரில் பிழை இருந்தால் அப்டேட் வாங்கவே பயனரிடம் ஓடும் கணினி இருக்காது. சில சமயம் பழைய தரவும் போய்விடும்.

"நிறுவல் முடிந்தது" என்ற திரையைப் பார்த்ததும் பலர் சோதனையை நிறுத்திவிடுகிறார்கள். அங்கே பாதி வழிதான் வந்திருக்கிறோம். இன்ஸ்டாலர் செய்த தவறுகளில் பெரும்பகுதி, மறுபடி பூட் செய்யும்போதுதான் வெளியே தெரியும்.

ஐஎஸ்ஓவைக் கையில் எடுக்கும் முன்

புதிய வெளியீட்டின் அறிவிப்பையும், அதோடு வரும் தெரிந்த குறைகளின் பட்டியலையும் முதலில் படியுங்கள். ஏற்கெனவே தெரிந்த குறைக்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவிட வேண்டாம். ஆர்சி ஐஎஸ்ஓவும் (நிறுவலுக்கான இமேஜ் கோப்பு) தினமும் புதிதாக உருவாகும் தினசரி பில்டும் வேறுவேறு என்பதையும் கவனியுங்கள். தினசரி பில்டில் இன்று இருக்கும் பிழை நாளை இல்லாமல் போகலாம். அதனால் கோப்பின் பெயர், பில்ட் தேதி இரண்டையும் குறித்துவைப்பது கட்டாயம்.

ஐஎஸ்ஓவோடு, அது பழுதாகாமல் வந்ததா என்று சரிபார்க்க உதவும் எஸ்எச்ஏ512 செக்சம் கோப்பும் அதற்கான கையொப்பக் கோப்பும் இருக்கும். இரண்டையும் சரிபாருங்கள். டவுன்லோடில் பழுதான ஒரு ஐஎஸ்ஓ, ஏதோ ஒரு பேக்கேஜைப் பிரிக்கும்போது நின்றுபோகும். பார்ப்பதற்கு அது அசல் பிழை போலவே இருக்கும். அதை நம்பி அறிக்கை அனுப்பினால் வேறொருவரின் நேரமும் வீணாகும்.

பெண்டிரைவில் எழுத டிடி கமாண்டே போதும். பிளாக் அளவு 4 எம்பி வைத்து, முடிவில் சிங்க் ஆகும்படி கொடுங்கள். எழுத வேண்டியது முழு டிவைஸின் மேல், அதன் முதல் பார்ட்டிஷனின் மேல் அல்ல. பெண்டிரைவின் டிவைஸ் பெயர் எஸ்டிபி என்றால் எஸ்டிபி, அதன் முதல் பார்ட்டிஷனான எஸ்டிபி1 அல்ல. ஐஎஸ்ஓவைப் பிரித்துக் கோப்பு கோப்பாக எழுதி, தன் சொந்த பூட் மெனுவைச் சேர்க்கும் கருவிகளைச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். அப்படி எழுதினால் நீங்கள் சோதிப்பது டெபியன் தந்த இமேஜை அல்ல. எழுதி முடித்த பெண்டிரைவை, இன்ஸ்டாலர் மெனுவிலேயே இருக்கும் மீடியா சரிபார்ப்பைக் கொண்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நெட்பூட் வழியாக, அதாவது நெட்வொர்க்கிலிருந்து பூட் செய்து, சோதிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நெட்பூட் இமேஜில் கெர்னலும் (ஓஎஸின் மையப் பகுதி) தொடக்கத்துக்குத் தேவையான சிறு பகுதியும் மட்டுமே இருக்கும், மற்ற மாட்யூல்கள் (டிரைவர் போன்ற துணைப் பகுதிகள்) டெபியன் ஆர்க்கைவிலிருந்து வரும். ஆர்க்கைவில் கெர்னல் புதுப்பிக்கப்பட்டு, உங்களிடம் பழைய இமேஜ் இருந்தால், "கெர்னல் மாட்யூல்கள் கிடைக்கவில்லை" என்ற செய்தியோடு நிற்கும். புதிய நெட்பூட் இமேஜை எடுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் நின்றால்தான் அது புகார்.

முதலில் மெய்நிகர் கணினியில்

மெய்நிகர் கணினிகளை உருவாக்கும் விர்ட்-மேனேஜரில் 20 ஜிபி வட்டு, 2 ஜிபி ரேம், 2 சிபியு கொடுத்தால் பெரும்பாலான சோதனைகளுக்குப் போதும். கணினியைத் தொடக்கும் ஃபர்ம்வேரில் பயாஸ் பழையது, யூஇஎஃப்ஐ புதியது. யூஇஎஃப்ஐயை, மெய்நிகர் கணினியை உருவாக்கும்போதே "நிறுவும் முன் அமைப்புகளை மாற்று" என்ற பெட்டியை டிக் செய்து தேர்ந்தெடுத்துவிடுங்கள். பிறகு மாற்ற விர்ட்-மேனேஜர் விடாது. பயாஸுக்கு ஒன்று, யூஇஎஃப்ஐக்கு ஒன்று என இரண்டு கணினிகளை வைத்துக்கொள்வது நல்லது. ஓஎஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரின் பகுதி இரண்டிலும் முற்றிலும் வேறு பாதையில் ஓடுகிறது.

ஒவ்வொரு சோதனைக்கும் வட்டு ஒரே நிலையில் தொடங்க வேண்டும். காலி வட்டு என்றால் புதிதாக உருவாக்குங்கள். வேறொரு ஓஎஸ் பக்கத்தில் இருக்கும்போது நிறுவுவதைச் சோதிக்கிறீர்கள் என்றால், அந்த ஓஎஸை ஒருமுறை நிறுவி ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்து, ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என்க்ரிப்ஷனையும் பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தையும் புதிய கீபோர்டு அமைப்பையும் சேர்த்தே மாற்றினால், தோற்றது எதனால் என்று உங்களாலும் சொல்ல முடியாது.

அதே பதில்களைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தால் ப்ரீசீட் கோப்பு (பதில்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் கோப்பு) எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ப்ரீசீட் செய்த கேள்விகள் திரையில் வராது. கேள்வித் திரைகளில் இருக்கும் பிழை அதில் சிக்காது. ஆகவே ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு முறையாவது எல்லாவற்றையும் கையால் பதில் சொல்லி நிறுவுங்கள்.

எந்தப் பாதைகளில் போவது

இயல்புநிலைப் பதில்களோடு காலி வட்டில் நிறுவுவதை எல்லோரும் செய்வார்கள். ஒருமுறை செய்து குறித்துக்கொண்டு நகருங்கள். பிழைகள் தங்கும் இடங்கள் வேறு.

நிர்வாகிக் கணக்கான ரூட்டின் கடவுச்சொல்லைக் காலியாக விட்டுப் பாருங்கள். அப்போது ரூட் கணக்கு பூட்டப்பட்டு, முதல் பயனருக்கு சூடோ உரிமை, அதாவது நிர்வாகி வேலைகளைச் செய்யும் அனுமதி, கிடைக்க வேண்டும். நிறுவிய பிறகு அந்தப் பயனராக நுழைந்து, சூடோ வேலை செய்கிறதா என்று பார்த்தால்தான் இந்தச் சோதனை முடியும்.

என்க்ரிப்ட் செய்த எல்விஎம் (வட்டு இடத்தை நெகிழ்வாகப் பிரிக்கும் முறை) மிக முக்கியம். அதில் பார்ட்டிஷன் முழுவதையும் தற்செயல் தரவால் நிரப்பும் படி ஒன்று வரும். பெரிய வட்டில் மணிக்கணக்கில் ஓடும், அது பிழை அல்ல. சோதனையில் ரத்து செய்துவிட்டுப் போகலாம். ரத்து செய்தால் அடுத்த படிக்கு ஒழுங்காகப் போகிறதா என்பதும் பார்க்க வேண்டியதே. கடவுத்தொடரில் வேண்டுமென்றே ஒரு குறியீட்டையும், உங்கள் கீபோர்டு அமைப்பில் அமெரிக்க அமைப்பிலிருந்து இடம் மாறியிருக்கும் ஓர் எழுத்தையும் வையுங்கள். நிறுவும்போது தட்டச்சு செய்வது இன்ஸ்டாலரின் கீபோர்டில். பூட் ஆகும்போது தட்டச்சு செய்வது பூட்டின் தொடக்கத்தில் ஓடும் சிறு சூழலான இனிட்ராம்எஃப்எஸ்ஸின் கீபோர்டில். அமைப்பு அங்கே போய்ச் சேரவில்லை என்றால், சரியான கடவுத்தொடரையே தவறு என்று சொல்லும். வெறும் சிறிய ஆங்கில எழுத்துகளில் கடவுத்தொடர் வைத்துச் சோதிப்பவர் இதை ஒருபோதும் பார்க்க மாட்டார்.

தமிழில் நிறுவிப் பார்க்க விரும்பினால் வரைகலை இன்ஸ்டாலரைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துத் திரை இன்ஸ்டாலரால் இந்திய எழுத்துகளைக் காட்ட முடியாது. உயிர்மெய்க் குறிகள் சரியான இடத்தில் விழுகின்றனவா, நீளமான மொழிபெயர்ப்பு பொத்தானுக்குள் அடங்குகிறதா, கடவுச்சொல் கேட்கும் திரையில் கீபோர்டு லத்தீன் எழுத்துக்கு மாறுகிறதா என்று கவனியுங்கள். இதைச் செய்ய மொழி தெரிந்தவரால்தான் முடியும்.

ஒரே தரவை இரண்டு வட்டுகளிலும் வைக்கும் ரெய்டு 1 முறையைச் சோதிக்க 10 ஜிபியில் இரண்டு வட்டுகள் போதும். நிறுவி முடித்ததும் முதல் வட்டைக் கழற்றிவிட்டு இரண்டாவதிலிருந்து பூட் செய்யுங்கள். பூட் ஆகாமல் போனால் உடனே புகார் எழுத வேண்டாம். பயாஸ் முறையில் க்ரப் என்னும் பூட்லோடர் நீங்கள் சொன்ன வட்டில் மட்டும்தான் எழுதப்படும். யூஇஎஃப்ஐயில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் ரெய்டுக்கு வெளியே இருக்கும். இது தெரிந்த வரம்பு.

பக்கத்தில் இன்னொரு லினக்ஸ் இருந்தால், ரேமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கும் ஸ்வாப்பைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே ஸ்வாப் பார்ட்டிஷனைப் பயன்படுத்த, இன்ஸ்டாலர் அதை ஃபார்மேட் செய்தால் அதன் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிடும். பழைய லினக்ஸ் அடுத்த பூட்டில் இல்லாத யூயூஐடியைத் தேடி 90 விநாடி வரை நிற்கும். புதியது நன்றாகவே ஓடும். அதனால் பழைய ஓஎஸையும் பூட் செய்து பார்க்காதவருக்கு இது தெரியவே தெரியாது.

வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

பேக்கேஜ்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது நெட்வொர்க் இணைப்பைத் துண்டியுங்கள். மறுமுயற்சிக்கு வழி கொடுக்கிறதா, இணைப்பு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா? 5 ஜிபி வட்டில் முழு டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுங்கள். இடம் தீர்ந்தால் அதைப் பயனருக்குப் புரியும்படி சொல்கிறதா, இல்லை "நிறுவல் படி தோல்வி" என்ற பொதுவான செய்தியோடு விட்டுவிடுகிறதா? பார்ட்டிஷன் பிரித்த பிறகு பின்னே போய் வேறு முறையைத் தேர்ந்தெடுங்கள். பழைய எல்விஎம், பழைய ரெய்டு ஒட்டிக்கொண்டிருக்கும் வட்டில் நிறுவுங்கள். பயாஸ் முறையில் நிறுவிய ஓஎஸ் இருக்கும் வட்டில் யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்து நிறுவத் தொடங்குங்கள். அப்போது ஓர் எச்சரிக்கைத் திரை வர வேண்டும்.

தோற்றால் லாக்

நிறுவல் நடக்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், எஃப்4 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் லாக் ஓடுவது தெரியும். எஃப்2வில் ஷெல் இருக்கிறது. வரைகலைத் திரைக்குத் திரும்ப எஃப்5, எழுத்துத் திரைக்குத் திரும்ப எஃப்1.

ஒரு தோல்வியை அருகில் பார்ப்போம். திரையில் "க்ரப்பை நிறுவ முடியவில்லை" என்று சிவப்பில் வருகிறது. லாகில் மெயின்-மெனு என்று தொடங்கி, க்ரப்-இன்ஸ்டாலர் எரர் கோட் 1 உடன் தோற்றதாகச் சொல்லும் வரி ஒன்று இருக்கும். அதை மட்டும் நகலெடுத்து அனுப்புவதால் பயனில்லை, அது விளைவுதான். அதற்கு மேலே 20, 30 வரிகள் ஏறிப் பாருங்கள். அங்கே ஈஎஃப்ஐ பூட் வேரியபிளை எழுத முடியவில்லை, டிவைஸில் இடம் இல்லை என்று ஒரு வரி இருக்கலாம். "இடம் இல்லை" என்பதைப் பார்த்து ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகிப்பவர்கள் அதிகம். நிரம்பியது மதர்போர்டில் இருக்கும் என்விரேம் என்ற சிறு நினைவகம். அந்த வரி அறிக்கையில் இருந்தால்தான் டெவலப்பர் சரியான இடத்தில் தேடத் தொடங்குவார்.

நிறுவல் பாதியில் நின்றால் மெயின் மெனுவில் "டிபக் லாக்குகளைச் சேமி" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் வெப் வழியும் உண்டு. இன்ஸ்டாலரே சிறிய வெப் சர்வர் ஒன்றை ஓட்டும், பக்கத்துக் கணினியின் பிரௌசரில் லாக்குகளை எடுத்துக்கொள்ளலாம். நிறுவல் முடிந்திருந்தால் அதே லாக்குகள் புதிய கணினியின் வார் கோப்புறையில், லாக் என்பதற்குள், இன்ஸ்டாலர் என்ற பெயரில் இருக்கும். பில்ட் எண்ணும் அங்கே எல்எஸ்பி-ரிலீஸ் கோப்பில் இருக்கிறது. வெளியே அனுப்பும் முன் வைஃபை பெயர், மேக் முகவரி போன்றவை லாக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நிஜக் கணினியில்

வைஃபை, டச்பேட், கிராபிக்ஸ், ஃபர்ம்வேரின் தனிக்குணங்கள் ஆகியவை மெய்நிகர் கணினியில் தெரியாது. பேக்கப் இல்லாத கணினியில் தொடாதீர்கள். முடிந்தால் தேவையில்லாத வட்டுகளைக் கழற்றிவிடுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் பூட்டுக்கு பூட் இடம் மாறலாம். வட்டை அதன் மாடலையும் அளவையும் பார்த்தே தேர்ந்தெடுங்கள். பயாஸ் முறையில் க்ரப்பைப் பெண்டிரைவிலேயே எழுதிவிடும் விபத்தும் இதனால்தான் நடக்கிறது. பெண்டிரைவ் செருகியிருந்தால் பூட் ஆகும், எடுத்தால் ஆகாது. ஆகவே முதல் பூட்டுக்கு முன் பெண்டிரைவைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

2022இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, 12ஆம் பதிப்பான புக்வார்ம் முதல் கட்டற்றவை அல்லாத (நான்-ஃப்ரீ) ஃபர்ம்வேர்கள் அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவிலேயே வருகின்றன. இங்கே பார்க்க வேண்டியது இரண்டு: இன்ஸ்டாலருக்குள் வைஃபை வேலை செய்கிறதா, நிறுவிய கணினியிலும் வேலை செய்கிறதா. முதலாவது சரியாகி இரண்டாவது தவறினால், ஃபர்ம்வேர் பேக்கேஜும் ஆப்ட்டின் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பகுதியும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். டெஸ்க்டாப் இல்லாமல், வைஃபை மட்டும் வைத்தும் ஒருமுறை நிறுவுங்கள். அந்தப் பாதையில் நெட்வொர்க் மேனேஜர் இருக்காது.

முதல் பூட்டுக்குப் பிறகு

சிஸ்டம்சிடிஎல் கமாண்டில் தோற்ற சர்வீஸ்கள், ஜர்னல்சிடிஎல் கமாண்டில் இந்த பூட்டின் எரர்கள், பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் இருக்கும் யூயூஐடிகள் எல்எஸ்பிஎல்கே கமாண்ட் காட்டுவதோடு பொருந்துகின்றனவா, ஸ்வாப் இயங்குகிறதா, நேரமும் டைம்சோனும் சரியா, ஆப்ட் அப்டேட் ஓடுகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட பூட்லோடரை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) போட்டு நிறுவியிருந்தால், அது உண்மையில் இயக்கத்தில் இருக்கிறதா என்று மோக்யூடில் என்ற கமாண்ட் சொல்லும். பிறகு இன்னொரு முறை ரீபூட் செய்யுங்கள். கெர்னல் அப்டேட் ஏதாவது வந்திருந்தால் அதைப் போட்டு மூன்றாவது முறையும். க்ரப் அமைப்பில் உள்ள தவறு சில நேரம் அங்கேதான் வெளிப்படும்.

அறிக்கை

டெபியனில் இதற்கென்றே இன்ஸ்டாலேஷன்-ரிப்போர்ட்ஸ் என்ற பேக்கேஜ் பெயர் இருக்கிறது. ரிப்போர்ட்பக் கருவியில் அந்தப் பெயரைக் கொடுத்தால் படிவம் வரும். பூட் முறை, இமேஜ், தேதி, கணினி மாடல், எல்எஸ்பிசிஐ கமாண்ட் காட்டும் ஹார்டுவேர் பட்டியல் ஆகியவற்றோடு, நெட்வொர்க் கார்டு கண்டறிதல் முதல் பூட்லோடர் வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டம் இருக்கும். சரியென்றால் ஓ, பிழையென்றால் ஈ, செய்து பார்க்காதது காலி. செய்யாத படிக்கு ஓ போடாதீர்கள். எல்லாம் நன்றாக நடந்தாலும் அறிக்கை அனுப்புங்கள். எந்தக் கணினியில் ஓடுகிறது என்பதும் அவர்களுக்கு வேண்டிய தகவலே.

பிழை என்றால் ஏற்கெனவே புகார் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு பிழைக்கு ஓர் அறிக்கை. "நிறுவல் தோற்றது" என்ற தலைப்பு யாருக்கும் உதவாது. "யூஇஎஃப்ஐ, என்க்ரிப்ட் எல்விஎம்: பின்னே போய் ஹோம் பார்ட்டிஷனைத் தனியாகத் தேர்ந்தெடுத்தால் பார்ட்மேன் நிற்கிறது" என்று எழுதினால், படிப்பவர் தலைப்பிலிருந்தே மறுபடி செய்து பார்க்கத் தொடங்கலாம். எத்தனை முறை முயன்றீர்கள், எத்தனை முறை நடந்தது என்றும் எழுதுங்கள். மூன்றுக்கு மூன்று என்பதும் மூன்றுக்கு ஒன்று என்பதும் வேறு வகைப் பிழைகள்.

சரிசெய்துவிட்டதாகப் பதில் வந்தால், சோதித்த வட்டின் அதே ஸ்னாப்ஷாட்டிலிருந்து, அதே பதில்களோடு புதிய பில்டை ஓட்டிப் பார்த்து, பில்ட் தேதியோடு அதே அறிக்கையில் முடிவை எழுதுங்கள்.