அம்மாவுக்கு ஒத்துக்கொண்ட புரோட்டீன் பவுடர்

அம்மாவுக்குப் பால் சேராது, கட்டன் சாயாதான். உடம்பு தேறட்டும் என்று மார்த்தாண்டத்தில் புரோட்டீன் பவுடர் வாங்கினேன். இரண்டே நாளில் வயிறு உப்பி, பேதி. பாவம், துவண்டு போனார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பால் பவுடர், வே கான்சன்ட்ரேட் (பால் திரிந்ததும் பிரியும் தெளிநீரிலிருந்து எடுக்கும் புரோட்டீன்). இரண்டிலும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை உண்டு. வே புரோட்டீனை இன்னும் சுத்திகரித்த வே ஐசொலேட்டில் லாக்டோஸ் மிகக் குறைவு (பால் அலர்ஜி உள்ளவர்கள் அதையும் தொடக்கூடாது). பட்டாணிப் புரோட்டீனில் இயல்பாகவே கிடையாது. அதற்கு மாறி, அரைக் கரண்டியில் தொடங்கினோம். வயிறு அடங்கியது.

அப்புறம்தான் தெரிந்தது, சில மாத்திரைகளிலும் நிரப்புப் பொருளாக லாக்டோஸ் சேர்க்கிறார்கள். அளவு சிறிதுதான், பலருக்குத் தொந்தரவு தராது. ஆனாலும் மெடிக்கலில் கேட்டுத்தான் கால்சியம் மாத்திரை வாங்குகிறேன். கூடவே முள்ளோடு தின்னும் நெத்தோலியும் கேழ்வரகுக் கூழும்.