தென்னாப்பிரிக்காவில் அருங்காட்சியக மேற்படிப்பு: புதிதாக வரும் தமிழர்களுக்கு

அருங்காட்சியகம், மரபுப் பாதுகாப்பு ஆகிய துறைகளில் மேற்படிப்புக்காகத் தென்னாப்பிரிக்கா வருபவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பிக்கிறார்கள். இந்தத் துறையில் அது தலைகீழ் வழி. எந்தப் பொருள்களோடு நாளெல்லாம் உட்காரப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். பழைய காகிதமா, கட்டடமா, கோயில் விளக்கா, பெரியவர்களின் வாய்மொழியா? அது தெளிந்தால் எந்த ஊருக்குப் போகவேண்டும் என்பதும் தெளிந்துவிடும்.

தமிழ் வாசிக்கத் தெரிந்தவருக்கு இங்கே காத்திருக்கும் வேலை நிறைய. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் 342 பேரை டர்பனில் இறக்கியது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக வந்தவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். ஆனால் கல்லறைக் கல், கோயில் கணக்குப் புத்தகம், ஊரிலிருந்து வந்த கடிதம் எல்லாம் தமிழில் கிடக்கின்றன. அவற்றை வாசிக்க அச்சுத் தமிழ் மட்டும் போதாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'ணை', 'லை', 'றா' வடிவங்கள், புள்ளியில்லாமல் எழுதிய மெய், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டாத கையெழுத்து, தமிழ் எண்கள் ஆகிய நான்கையும் வருவதற்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள். ஊரில் தாத்தா வீட்டுப் பழைய பத்திரங்களை வைத்து இரண்டு மாதம் பயின்றாலே கை வந்துவிடும்.

எங்கே படிப்பது

கேப் டவுனில் மேற்குக் கேப் பல்கலைக்கழகம் அருங்காட்சியக, மரபியல் படிப்பை 1990-களின் இறுதியிலிருந்து ராபன் தீவு அருங்காட்சியகத்தோடு சேர்ந்து நடத்திவருகிறது. ஓராண்டு முதுநிலைப் பட்டயம். 'யாருடைய கதையை யார் சொல்வது' என்ற கேள்வியே அந்தப் படிப்பின் உயிர். காட்சிக்கூடம் அமைப்பது, பொதுமக்களோடு பேசுவது, நினைவிடம் நடத்துவது போன்றவற்றில் நாட்டமுள்ளவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்போம். அதே ஊரில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் காட்சிக்கலை வழிவந்த தொகுப்பாளர் (க்யூரேட்டர்) படிப்பு இசிகோ அருங்காட்சியகங்களோடு இணைந்தது. பொருளைத் தொட்டு, துடைத்து, ஒட்டி, காக்கும் கைவேலையில் ஆசை உள்ளவர்கள் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் பொருள்சார் மரபுப் பாதுகாப்பு முதுகலையைப் பார்க்கவேண்டும்; வேதியியல் அடிப்படை கொஞ்சம் இருந்தால் அங்கே மூச்சு முட்டாது. தமிழ்த் தொகுப்புதான் குறி என்றால் டர்பன். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுதூலி ஆவண மையம், நகரிலுள்ள 1860 மரபு மையம், பழைய நீதிமன்றக் கட்டடத்தில் இயங்கும் உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகம் மூன்றும் அங்கே உள்ளன. அருங்காட்சியகம், மரபு என்ற பெயரில் தனிப் படிப்பு இல்லாத பல்கலைக்கழகத்திலும் வரலாறு அல்லது மானிடவியல் ஆய்வு முதுகலையில் சேர்ந்து, ஆய்வுப் பொருளாக ஒரு தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் சேருபவர்கள் வழிகாட்டும் பேராசிரியரிடம் முன்கூட்டியே எழுதிச் சம்மதம் வாங்கியிருக்கவேண்டும்.

எல்லாப் படிப்புக்கும் ஆண்டுதோறும் சேர்க்கை நடக்கும் என்று நம்பிவிடாதீர்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் துறைக்கே எழுதி, வரும் பிப்ரவரியில் வகுப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள். இங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். விண்ணப்பங்கள் முந்தைய ஆண்டின் பிற்பாதியிலேயே மூடப்படும். ஜூனில் பட்டம் முடித்த கையோடு ஆகஸ்டில் வந்து சேரலாம் என்ற ஊர்க் கணக்கு இங்கே பலிக்காது.

பட்டத்தின் மதிப்பு

இங்கே படிப்புகளுக்குப் படிநிலை எண் உண்டு. இளங்கலை 7, ஆனர்ஸும் (இங்கே அது இளங்கலைக்குப் பின் வரும் ஓராண்டுப் படிப்பு) முதுநிலைப் பட்டயமும் 8, முதுகலை 9, முனைவர் 10. முதுகலையில் நேராகச் சேர 8-ஆம் நிலைத் தகுதி வேண்டும். மூன்றாண்டு பி.ஏ. மட்டும் வைத்திருப்பவர் பெரும்பாலும் ஆனர்ஸ் அல்லது பட்டயத்தில்தான் தொடங்குவார். இதைத் தாழ்வாக நினைக்காதீர்கள். அந்த ஓராண்டில்தான் தொகுப்பறையில் கை பழகும். வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடுவது சாக்வா என்ற தேசியத் தகுதி ஆணையம். ஊர்ப் பல்கலைக்கழகம் சரிபார்ப்புக் கடிதத்துக்குப் பதில் தரத் தாமதித்தால் மதிப்பீடும் அங்கேயே நிற்கும். அதனால் மதிப்பெண் பட்டியல்களை முத்திரையோடு ஊரிலேயே வாங்கி, பெயர் எழுத்துக்கூட்டல் பாஸ்போர்ட்டோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் இருப்பது நம்மவர்களுக்கு வழக்கமான சிக்கல். அதற்கு ஒரு பிரமாணப் பத்திரம் கையில் இருக்கட்டும்.

மாணவர் விசாவைச் சொந்த நாட்டிலிருந்தே எடுக்கவேண்டும்; சுற்றுலா விசாவில் வந்து இங்கே மாற்றிக்கொள்ளும் எண்ணம் வேண்டாம். சேர்க்கைக் கடிதம், பணச் சான்று, மருத்துவ அறிக்கை, அண்மை ஆண்டுகளில் ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகளின் போலீஸ் சான்று ஆகியவை வேண்டும். வளைகுடாவில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர்கள் அந்தச் சான்றை மறந்துவிட்டுத் திண்டாடுகிறார்கள். மருத்துவக் காப்பீடு தென்னாப்பிரிக்காவில் பதிவான 'மெடிக்கல் எய்ட்' ஆக இருக்கவேண்டும். பயணக் காப்பீடு அதற்கு ஈடாகாது. வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். நீட்டிப்புக்கு விசா முடிய 60 நாள் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடவேண்டும்.

சட்டம் தெரியாமல் வேலை இல்லை

நிரந்தர அருங்காட்சியகப் பணியிடங்கள் குறைவு. மரபுத்துறையில் சோறு போடுவதில் பெரும்பங்கு 1999-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் தேசிய மரபு வளச் சட்டத்தைச் சுற்றிய வேலை. அதன் 34-ஆம் பிரிவுப்படி 60 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தை அனுமதியின்றி மாற்றவோ இடிக்கவோ கூடாது. 36-ஆம் பிரிவு, உள்ளாட்சி நிர்வகிக்கும் இடுகாட்டுக்கு வெளியே உள்ள 60 ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறைகளைக் காக்கிறது. கரும்புத் தோட்டங்களின் ஓரத்தில் பெயரில்லாமல் கிடக்கும் நம்மவர் மண்மேடுகளுக்கு இந்தப் பிரிவுதான் வேலி. 38-ஆம் பிரிவு 5,000 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தின் தன்மையை மாற்றும் திட்டங்களுக்கும், 300 மீட்டருக்கு மேல் நீளும் சாலை, குழாய் போன்றவற்றுக்கும் மரபுத் தாக்க ஆய்வு கேட்கும் வழியைத் திறக்கிறது. இந்த அனுமதிகளைப் பார்க்கும் மரபு அமைப்புகள் தேசிய அளவில் சஹ்ரா, குவாசூலு-நட்டாலில் அமாஃபா. இந்த மூன்று பிரிவுகளையும் மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு ஆலோசனை நிறுவனங்களில் முதல் வாய்ப்பு கிடைக்கும்.

கோயில்களிலும் இது உடனே பயன்படும். டர்பன் காட்டோ மேனரிலுள்ள உம்பிலோ ஸ்ரீ அம்பலவாணர் ஆலயம் 1980-இல் தேசிய நினைவுச்சின்னமானது. ஆற்றங்கரையில் இருந்த அதன் முன்னோடிக் கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோயிற்று. புதிய சட்டம் வந்தபோது பழைய தேசிய நினைவுச்சின்னங்கள் மாகாண மரபிடங்களாக ஆயின. அப்படிப்பட்ட கோயிலில் குடமுழுக்குக்காகச் சுதை உருவங்களைப் புது வண்ணத்தில் தீட்டுவதற்கும் அனுமதி வேண்டும். நிர்வாகக் குழுவினர் நல்லெண்ணத்தோடுதான் வண்ணம் அடிக்கிறார்கள். ஆனால் நவீன பிளாஸ்டிக் பெயின்ட் பழைய சுண்ணாம்புச் சாந்தின் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே சிக்கிய ஈரம் உப்பாகப் பூத்துச் சாந்தைப் பொரித்துத் தள்ளும். சில ஆண்டுகளில் மூக்கும் விரலும் உதிரும். சுண்ணாம்புப் பூச்சுதான் மருந்து என்று சொல்லவும், விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கவும் ஒருவர் வேண்டும்.

ஆவணத்தில் பெயர் தேடுவது

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்புகள் உள்ளன. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் பெயர் தட்டினால் பாதி கிடைக்காது. காரணம் எழுத்துக்கூட்டல். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார்: கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார், முனுசாமி 'மூன்சாமி' ஆனார். தேடும்போது உகரத்துக்கு ஒற்றை யூவும் இரட்டை ஓவும் போட்டுப் பாருங்கள். வகரத்துக்கு வீயும் டபிள்யூவும், அகரத்துக்கு ஏயும் யூவும், கடைசியில் ஹெச் சேர்த்தும் சேர்க்காமலும் தேடுங்கள். ஒரு பெயருக்கு எட்டு வடிவமாவது ஆகும். பெயரைவிட உறுதியான பிடி குடியேற்ற எண். கப்பலில் வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பிள்ளைகளின் பதிவுகளிலும் பெற்றோரின் எண் வரும். கப்பல் பட்டியலில் தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் இருக்கும். ஆங்கிலத்தில் சிதைந்த கிராமப் பெயரை வட ஆர்க்காடு, செங்கல்பட்டு வரைபடத்தோடு வைத்துக் கண்டுபிடிக்கும் வேலையை ஊர் தெரிந்த உங்களைவிட நன்றாக யார் செய்வார்கள்! சாதிக் கட்டத்தை வெளியிடும் முன் மட்டும் குடும்பத்தாரைக் கேளுங்கள். அது பலருக்கு ஆறாத புண்.

தொகுப்பறையில்

டர்பன் காற்றில் ஈரம் அதிகம். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். காகிதத்துக்கும் துணிக்கும் வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) இருக்கட்டும். பொருளுக்கு எண்ணிடும்போது உலோகத்திலும் மரத்திலும் பாராலாய்டு பி-72 என்ற நிறமற்ற பிசின் ஒரு பூச்சு, காய்ந்தபின் மையால் எண், அதன்மேல் இன்னொரு பூச்சு. காகிதத்தில் 2பி பென்சில் மட்டுமே. புடவையில் பருத்தி நாடாவில் எண் எழுதி இரண்டு தையல். புகைப்படத்துக்கும் உலோகத்துக்கும் நைட்ரைல் கையுறை. காகிதத்துக்குக் கழுவி உலர்ந்த வெறுங்கையே நல்லது, கையுறையில் ஓரம் கிழியும். செலோடேப், லேமினேஷன் இரண்டும் எமன்கள். பூச்சி புகுந்த துணியை பாலித்தீனில் காற்றுப் புகாமல் மூடி மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுவிடவேண்டும், இல்லையென்றால் துணிமேல் நீர் கோத்துக்கொள்ளும். பூசையில் இருந்து வந்த விளக்கின் கரியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துலக்கிவிடாதீர்கள். அது அழுக்கல்ல, அந்த விளக்கு எரிந்ததற்கான சாட்சி.

2021 ஏப்ரல் 18 அன்று கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகம் எரிந்த கதையை எந்த வகுப்பிலும் கேட்பீர்கள். தீத்தடுப்புக் கதவுகள் அடித்தளக் கிடங்கைக் காத்தன. தீயை அணைத்த தண்ணீர் அதே அடித்தளத்தில் இறங்கியது. அடித்தட்டு அலமாரியைத் தரையிலிருந்து 15 சென்டிமீட்டராவது உயர்த்துங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

பெரியவர்களிடம் பேசும்போது

வாய்மொழி வரலாற்றுப் பதிவுக்குப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அது வர வாரக்கணக்கில் ஆகும், முதல் மாதத்திலேயே விண்ணப்பியுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள். இங்கே மூத்தவர்களை அங்கிள், ஆன்டி என்றே அழைப்பார்கள். நீங்களும் அப்படியே அழையுங்கள். அவர்கள் தமிழைத் திருத்தவே கூடாது. தெருக்கூத்தை இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள், அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை 'போரிஜ் பிரேயர்' என்பார்கள். பதிவேட்டில் அந்தப் பெயர் முதலில் வரட்டும், ஊர்ப் பெயர் பக்கத்தில் இருக்கட்டும். பெயர் வந்த வழியே ஒரு வரலாறு. அதை அழித்துவிட்டு என்ன பாதுகாக்கப்போகிறோம்? ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டி, பதிவை இணையத்தில் போடலாமா, ஆய்வாளர்களுக்கு மட்டுமா, குடும்பத்துக்கு மட்டுமா என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இங்கே உண்டு. புகைப்பட ஆல்பத்தைக் கடன் வாங்கிப் போகாதீர்கள். ஸ்கேனரை வீட்டுக்கே கொண்டுபோய், 600 டிபிஐ-யில் எடுத்து, அன்றே ஒரு பிரதியைப் பென்டிரைவில் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள்.