சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கப் பழகுவது: எந்தப் பூட்டில், எப்படித் தொடங்குவது

யூடியூபில் பூட்டுத் திறக்கும் வீடியோ பார்த்துவிட்டு, வாசலில் தொங்கும் பூட்டில் ஹேர்பின்னை விட்டுக் குடைந்து, ஒன்றும் அசையாமல் கைவிட்டவரா நீங்கள்? கையைக் குறை சொல்லாதீர்கள். வீடியோவில் இருப்பது பின் (pin) பூட்டு, உள்ளே சின்னக் கம்பித் துண்டுகள் ஏறி இறங்கும் வகை. மும்பையில் சால் (வரிசை அறைக் குடியிருப்பு) அறைக் கதவிலும் கடை ஷட்டரிலும் தொங்குவது பெரும்பாலும் லீவர் பூட்டு, உள்ளே தட்டைத் தகடுகள் அடுக்கியிருக்கும் வகை. இரண்டுக்கும் உள்ளே இருக்கும் பொறியும் வேறு, திறக்கும் கருவியும் வேறு.

பூட்டின் மேல் '6 லீவர்ஸ்', '7 லீவர்ஸ்' என்று பொறித்திருந்தால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். 1897-இல் மும்பை லால்பாக்கில் பூட்டுத் தொழில் தொடங்கிய கோத்ரெஜின் நவ்தால் ஆகட்டும், 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் திண்டுக்கல் பூட்டு ஆகட்டும், லீவர் வகைதான். ஊர்ப் பாசத்தில் திண்டுக்கல் பூட்டில் கைவைத்தால் ஒரு மாதத்தில் ஆர்வமே போய்விடும்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம்

உங்களுக்குச் சொந்தமான பூட்டை மட்டும் தொடுங்கள். அதிலும் தினமும் புழங்குகிற பூட்டைத் தொடாதீர்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங் மடங்கினால் ராத்திரி வராந்தாவில்தான் படுக்கை.

இன்னொன்று, கருவிகளை வீட்டிலேயே வையுங்கள். மகாராஷ்டிர போலீஸ் சட்டத்தின் 122-ஆம் பிரிவுப்படி, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை, தகுந்த காரணம் இல்லாமல் வீடு புகும் கருவியோடு அகப்பட்டாலே குற்றம். கடைசி லோக்கல் ரயிலில் பையைத் திறந்து காட்டி "ஹாபி சார்" என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.

என்ன வாங்குவது

மஸ்ஜித் பந்தர் பக்கம் நாக்தேவி தெருவுக்குப் போனால் வரிசையாக ஹார்டுவேர் கடைகள். "பின் சிலிண்டர் வாலா, லீவர் நஹீ" என்று கேளுங்கள். கதவில் பொருத்தும் சிலிண்டர் (சாவி நுழையும் பகுதி) தனியாகக் கிடைத்தால் அதுதான் என் முதல் சிபாரிசு. பித்தளைத் தொங்குபூட்டெல்லாம் அதற்கு அப்புறம். சிலிண்டரைக் கழற்றி உள்ளே இருக்கும் பின்களைக் குறைக்கலாம், கூட்டலாம். சின்னத் தொங்குபூட்டுகளில் அந்த வசதி கிடையாது. ஆன்லைனில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பயிற்சிப் பூட்டு விற்கிறார்கள். பொறி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதில் பழகினால் கண்தான் பழகும், விரல் பழகாது. ஒரு நாள் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

கருவி விஷயத்தில் இருபது முப்பது துண்டுகள் கொண்ட செட் வாங்குவது தண்டம். தேவை பின்னைத் தள்ள நுனி வளைந்த ஒரு சின்ன ஹூக், பின்களை உரச ஒரு அலைவடிவ ரேக், பூட்டைத் திருப்பி அழுத்திப் பிடிக்க இரண்டு டென்ஷன் கம்பி. அவ்வளவுதான். நானே ராவி எடுத்த ஹூக்தான் இன்னும் என் கையில் இருக்கிறது. பழைய ஹேக்ஸா பிளேடை ராவினால் போதும். ஆனால் கிரைண்டரில் வைத்தால் அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். இரும்பில் நீலம் பாய்ந்துவிட்டால் விறைப்பு போய்விட்டது, பூட்டுக்குள் வளையும். டென்ஷன் கம்பிக்குக் காரின் பழைய வைப்பர் பிளேடுக்குள் இருக்கும் மெல்லிய ஸ்டீல் பட்டையை உருவி, நுனியை மடக்குங்கள். காசு கொடுத்து வாங்கியதைவிட எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஹேர்பின் வேண்டவே வேண்டாம், சினிமாவில் மட்டும்தான் அது வேலை செய்யும்.

உள்ளே நடப்பது

பூட்டுக்குள் சுழல்கிற உருளையும், அதைச் சுற்றி அசையாத கூடும் இருக்கின்றன. இரண்டையும் ஊடுருவி வரிசையாகச் சில துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு சாவிப் பின், அதன் மேல் ஒரு டிரைவர் பின், அதை அழுத்தும் ஒரு ஸ்பிரிங். சாவி போட்டால் எல்லா ஜோடிகளும் பிரியும் இடம் உருளையின் விளிம்புக்குச் சரியாக வந்து நிற்கும். அந்த விளிம்புக்கு ஷியர் லைன் என்று பெயர். அப்போது உருளை சுழலும். லைனஸ் யேல் ஜூனியர் 1860-களில் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. இன்றும் அடிப்படை மாறவில்லை.

துளைகள் ஒரே நேர்கோட்டில் துல்லியமாக இருந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் தொழிற்சாலையிலும் அப்படிப் போட முடியாது, மயிரிழை விலகல் இருந்தே தீரும். அதனால் உருளையை லேசாகத் திருப்பினால் எல்லாப் பின்களும் ஒன்றாகச் சிக்குவதில்லை. ஏதோ ஒன்று முதலில் சிக்கும். அதைத் தூக்கி லைனில் நிறுத்தினால் அடுத்தது சிக்கும். இந்த வித்தை முழுக்க அந்த விலகலை நம்பித்தான் இருக்கிறது.

ஒரே ஒரு பின்னில் தொடங்குங்கள்

சிலிண்டரின் பின்புறக் கிளிப்பைக் கழற்றி, சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்புங்கள். உருளையின் பருமனுக்கே உள்ள மரக்குச்சி ஒன்றைப் பின்னாலிருந்து கொடுத்து, உருளையை முன்னால் தள்ளுங்கள். குச்சியும் உருளையும் இடைவெளி இல்லாமல் ஒட்டியே நகர வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் பறக்கும். பெரிய தாம்பாளத்துக்குள் வைத்துச் செய்யுங்கள். ஒரு ஜோடியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்து, வரிசை மாறாமல் பத்திரப்படுத்துங்கள். ஒரு பின் பழகியபின் இரண்டு, அப்புறம் மூன்று.

டென்ஷன்: எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்

ஹூக்கை எப்படிப் பிடிப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்படி வேண்டுமானாலும் பிடியுங்கள், பேனா மாதிரி பிடித்தால் போதும். பூட்டைத் திறப்பது இன்னொரு கை. நானும் நெடுநாள் ஹூக்கையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன், குறை டென்ஷன் கம்பியில் இருந்தது.

முதலில் டென்ஷன் இல்லாமலே ஹூக்கைக் கடைசிவரை விட்டு ஒவ்வொரு பின்னாக அழுத்திப் பாருங்கள். எல்லாம் துள்ளும். அந்தத் துள்ளல் விரலில் பதியட்டும். பின்கள் எந்தப் பக்கம் என்று குழப்பம் இருந்தால் சாவியைப் பாருங்கள். பல் இருக்கும் பக்கம்தான் பின்.

இப்போது டென்ஷன் கம்பியைச் சாவித் துவாரத்தின் விளிம்பில் மாட்டுங்கள். துவாரம் குறுகலாக இருந்தால் பின் இருக்கும் பக்கத்து விளிம்பில் தட்டையாக மாட்டுவது நல்லது, ஹூக்குக்கு இடம் கிடைக்கும். சாவி திரும்பும் திசையில் விரலால் அழுத்துங்கள். எவ்வளவு? கடையில் சப்போட்டா பழுத்திருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்போமே, அவ்வளவுதான். நகத்தின் அடி வெளுத்தால் அதிகம்.

அதிகமானால் எல்லாப் பின்களும் கல்லாக நிற்கும், எது சிக்கியது என்று தெரியாது. குறைந்தால் நிறுத்திய பின்கள் திரும்ப விழுந்துவிடும். சரியான அளவில் ஒன்று மட்டும் விறைத்து நிற்கும், மற்றவை துள்ளும். விறைத்ததை மெதுவாகத் தள்ளினால் ஒரு சின்ன 'டிக்'. கூடவே உருளை இம்மியளவு நகர்வது டென்ஷன் விரலில் தெரியும். உடனே அடுத்த விறைப்பைத் தேடுங்கள். வரிசையாக 1, 2, 3 என்று போகாதீர்கள். முதலில் சிக்குவது நான்காவதாகவும் இருக்கலாம்.

எங்கும் நகரவில்லை என்றால் டென்ஷனை மிக மெதுவாகத் தளர்த்திக் காதைக் கொடுங்கள். பின்கள் விழும் சத்தம் கேட்கும். ஒரு 'டிக்' மட்டும் என்றால் ஒன்றுதான் நின்றிருந்தது. ஒன்றுமே கேட்கவில்லை என்றால் எதுவும் நிற்கவில்லை.

ரேக்கை உள்ளே விட்டு முன்னும் பின்னும் உரசியும் மலிவான பூட்டு திறந்துவிடும். சந்தோஷமாக இருக்கும், ஆனால் அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. சலிப்பு வந்தால் ஏ. சி. ஹாப்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அந்த அமெரிக்கர், அறுபது வருடமாக யாரும் திறக்காத பிராமா பூட்டைத் திறக்க 16 நாட்களில் 51 மணி நேரம் செலவழித்தார்.

பின்சேர்க்கை: கேள்விகள் வந்தபின் எழுதியது

"உருளை கொஞ்சம் திரும்பி நின்றுவிட்டது, மேலே போகவில்லை." உங்கள் பூட்டில் நடு ஒடுங்கிய ஸ்பூல் பின் இருக்கிறது. அப்போது எந்தப் பின்னைத் தள்ளும்போது உருளை பின்னோக்கித் திரும்பப் பார்க்கிறதோ, அதுதான் அந்த ஸ்பூல். டென்ஷனைத் தளர்த்தி உருளை பின்னோக்கித் திரும்ப இடம் கொடுத்து, பின்னை மேலே தள்ளுங்கள். வேறு ஒன்றிரண்டு விழலாம், மறுபடி நிறுத்துங்கள். ஆரம்பத்திலேயே இந்தப் பூட்டு கிடைத்திருந்தால் தள்ளி வைத்துவிட்டு வேறு வாங்குங்கள்.

"தொங்குபூட்டு உருளை திரும்பிவிட்டது, கொண்டி வரவில்லை." உள்ளே தாழையும் இழுக்க வேண்டும் அல்லவா, கடைசிப் பின் நின்றதும் டென்ஷன் கம்பியைத் தைரியமாகத் திருப்புங்கள். ஆனால் கதவு சிலிண்டரில் அரைச் சுற்று வந்ததும் கவனம்: சாவித் துவாரம் டிரைவர் பின்களுக்கு நேராக வந்து, அவை உள்ளே இறங்கி உருளை மாட்டிக்கொள்ளும். ஹூக்கின் முதுகால் அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பக் கூட்டுக்குள் தள்ளியபடி திருப்பினால் விடும்.

மாதுங்காவிலிருந்து ஒரு மாமி, தேங்காய் எண்ணெய் விட்டும் பூட்டு இறுக்கமாகவே இருக்கிறது என்கிறார். மாமி, அந்த எண்ணெய்தான் காரணம். தூசியைப் பிடித்துப் பிசுக்காகும், ஜனவரிக் காலையில் உறைந்தும் போகும். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்துவிட்டு, பென்சில் முனையைச் சுரண்டி அந்தப் பொடியைப் போடுங்கள்.

"கதவு தானாகச் சாத்திக்கொண்டு வெளியே நிற்கிறேன், இதை வைத்துத் திறக்கலாமா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். புதுக் கையோடு வேண்டாம். ஸ்டேஷன் வாசலில் சாவிக்கொத்து மாட்டி உட்கார்ந்திருக்கும் சாவிவாலாவைக் கூப்பிடுங்கள். சொசைட்டி வாட்ச்மேனையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். பெயர்ப்பலகையில் இருப்பது நீங்கள்தான் என்று அவர் சொன்னால் சாவிவாலாவும் நிம்மதியாக வேலை பார்ப்பார்.