உறுதிக் கட்டை அவிழ்க்காமல் மரணசாதனம் எழுதாதீர்கள்

“மனுசன் செத்தால் பெண்சாதிக்குப் பாதி, மிச்சம் பிள்ளைகளுக்கு.” இந்தக் கணக்கை நம்பி மரணசாதனம் (உயில்) எழுதாமலே விட்ட வீடுகள் யாழ்ப்பாணத்தில் நிறைய. பொதுச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு அது சரி. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட குடும்பத்துக்குச் சரியில்லை. இங்கே கேள்வி யார் செத்தார் என்பதோடு நிற்பதில்லை. அந்தக் காணி அவருக்கு எப்படி வந்தது என்றும் கேட்கப்படும்.

பெற்றோர் வழியில் வந்தது முதுசம். பிள்ளையில்லாத மாமன், சித்தப்பன் போன்ற உறவினர் வழியில் வந்தது உரிமை. கலியாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம். கலியாணத்துக்குப் பிறகு உழைப்பில் வாங்கியது தேடியதேட்டம். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் அதைத் திருத்திய 1947ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன. கணவன் மரணசாதனம் எழுதாமல் இறந்தால், அவருடைய தேடியதேட்டத்தில் பாதி மனைவிக்கு வரும். பிள்ளைகள் இருக்கும்போது அவருடைய முதுசத்தில் மனைவிக்குப் பங்கு இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தகப்பன் வழியில் முதுசமாக வந்த வளவு 6 பரப்பு. கலியாணத்துக்குப் பின் சம்பளத்தில் வாங்கிய தோட்டக்காணி 4 பரப்பு. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். மொத்தம் 10 பரப்பில் மனைவிக்குச் சேர்வது 2 பரப்பு, அதுவும் தோட்டத்தில். பிள்ளைகளுக்கு ஆளுக்கு 4 பரப்பு. வீடு நிற்பது வளவில் என்றால், நாற்பது வருடம் அந்த அடுப்படியில் நின்ற மனுசிக்கு அந்த நிலத்தில் ஒரு குழி கூட இல்லை. பிள்ளைகள் நல்ல பிள்ளைகளாக இருக்கலாம். ஆனால் தாயின் இருப்பு மருமக்களின் மனநிலையில் தங்கியிருக்கக் கூடாது. மரணசாதனத்தில் ஒரு பந்தி எழுதினால் இது தீர்ந்துவிடும்.

ஆகவே சட்டத்தரணியிடம் போகுமுன் பெட்டியில் இருக்கும் உறுதிக் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு காணிக்கும் நேரே அது எந்த வகை என்று எழுதுங்கள். கலியாணத்துக்குப் பின் வாங்கியதெல்லாம் தேடியதேட்டம் என்றும் நினைக்க வேண்டாம். மனைவியின் சீதனக் காணியை விற்ற காசில் கணவன் பெயரில் வாங்கிய காணி வேறு கதை. காசு எங்கிருந்து வந்தது என்பதை வாங்கும்போதே அறுதி உறுதியில் (விற்பனைப் பத்திரத்தில்) ஒரு வரி எழுதுவித்தால், இருபது வருடம் கழித்துச் சாட்சி தேட வேண்டியதில்லை.

மனைவி தன் சீதனக் காணியை விற்கவோ நன்கொடை கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை என்பதையும் மறந்துவிடுகிறார்கள். கணவன் விட்டுப் போயிருந்தாலோ காரணமில்லாமல் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். சம்மதமில்லாத உறுதி பின்னால் வாங்கியவரின் கழுத்தைப் பிடிக்கும்.

மரணசாதனத்தைக் கையெழுத்திடும் முறையில் நடக்கும் தவறு திருத்த முடியாதது, ஏனென்றால் அது வெளிவரும்போது எழுதியவர் உயிரோடு இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இரண்டு வழி தருகிறது. நொத்தாரிசு முன்னிலையில் என்றால் இரண்டு சாட்சிகள். நொத்தாரிசு இல்லையென்றால் குறைந்தது ஐந்து சாட்சிகள். எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். வெளிநாட்டுப் படத்தில் பார்த்ததுபோல் வீட்டில் எழுதி அயலவர் இருவரிடம் கையெழுத்து வாங்கிய தாள் செல்லாது. சொத்துப் பெறுபவரையும் அவருடைய கணவன் மனைவியையும் சாட்சியாக வைக்க வேண்டாம். மரணசாதனம் எழுதியவர் பிறகு கலியாணம் செய்தால் அந்தச் சாதனம் இரத்தாகிவிடும். மனைவியை இழந்து மறுமணம் செய்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

பெயர்! பிறப்புப் பதிவில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, உறுதியில் இன்னொன்று. தகப்பன் பெயரின் முதலெழுத்து மாறினாலே நீதிமன்றத்தில் சத்தியக்கடதாசி கேட்பார்கள். எல்லா வடிவங்களையும் “எனவும் அழைக்கப்படும்” என்று மரணசாதனத்திலேயே எழுதிவிடுங்கள்.

காணி விபரத்தில் பங்குக் கிணறும் வழிவாய்க்காலும் விடுபடுவது இங்கே மட்டும் நடக்கும் அழிவு. பழைய உறுதியில் “கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு” என்று இருக்கும். புதிதாகப் பிரித்து எழுதும்போது நிலத்தை மட்டும் எழுதிவிட்டு அந்த வரியை விட்டுவிடுவார்கள். நீர் இறைக்க வழியில்லாத தோட்டக்காணி பாதி விலைக்கும் போகாது. பிரிக்குமுன் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு வரைபடம் எடுத்து, கிணற்றையும் பாதையையும் அதில் காட்டுவியுங்கள்.

“செத்த பிறகு வழக்கெதற்கு, இப்பவே நன்கொடை எழுதிவிடுவோம்” என்பது நல்ல யோசனைதான், சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு எழுதினால். அதில்லாமல் முழுதாக எழுதிக் கொடுத்த பெற்றோருக்குத் திரும்பப் பெறும் வழி மிக ஒடுக்கம். மீளப்பெற முடியாத நன்கொடையைப் பாரிய நன்றிகெட்ட நடத்தைக்காக இரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் போக வேண்டும். நொத்தாரிசிடம் இன்னொரு உறுதி எழுதித் தீர்க்க முடியாது. நன்கொடையைப் பெறுபவர் ஏற்றுக்கொள்வதும் அவசியம். பிள்ளை ரொறன்ரோவில் இருந்தால் அவர் சார்பில் ஏற்பவர் யார், எந்த அதிகாரத்தில் என்று உறுதியில் வரவேண்டும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் பற்றி இரண்டு பயம் இருக்கிறது. குடியுரிமை மாறியவர் காணி பெறவே முடியாது என்பது ஒன்று. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுத்தாலும், நெருங்கிய உறவினருக்கு வழியுரிமையாலோ நன்கொடையாலோ மரணசாதனத்தாலோ போவதற்கு விலக்கு வைத்திருக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் அந்தத் தடை இல்லை. மற்றது நேர்மாறு, பயப்பட வேண்டியது, ஆனால் பலர் பயப்படுவதில்லை: அப்பா தன் சார்பில் செயற்படக் கொடுத்த அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவத்தை வைத்து அவர் இறந்த பின்னும் காணி விற்பது. அற்றோணித் தத்துவம் கொடுத்தவரோடு செத்துப்போகிறது. பிறகு வேண்டியது மரணசாதனம் இருந்தால் அதை நீதிமன்றம் உறுதிசெய்யும் புறொபேற், இல்லையென்றால் சொத்தை நிருவகிக்க அதிகாரம் தரும் நிருவாகக் கடிதம். இரண்டும் மாவட்ட நீதிமன்றத்தில். மரணசாதனத்தை நடைமுறைப்படுத்தும் நிறைவேற்றுநராகக் கனடாவில் இருக்கும் மூத்தவனை மட்டும் போடாமல், இங்கே ஓடித் திரியக்கூடிய ஒருவரை மாற்றாளாகவாவது எழுதுங்கள்.

கிளிநொச்சியில் பேமிற் (அரச அனுமதிப்பத்திர) வயல் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த காணியை மரணசாதனத்தில் எழுத முடியாது. தேசவழமையும் அதைத் தொடாது. பிரதேச செயலகத்தில் உங்களுக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளரை நியமித்துப் பதிவதுதான் ஒரே வழி.

இனிக் கடை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து முதல் போட்டு, வியாபாரப் பெயரை அண்ணன் பெயரில் மட்டும் பதிவது வழக்கம். அண்ணன் இறந்தால் பதிவும் வங்கிக் கணக்கும் அவருடைய சொத்துப்போலவே நிற்கும். தம்பி தன் பங்கைக் காட்ட எழுத்து வேண்டும்: போட்ட முதல் 1,000 ரூபாவைத் தாண்டும் பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும் என்று அதே 1840ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இன்று தேத்தண்ணிக் கடைக்கும் அதைவிடக் கூடிய முதல் வேண்டும்.

எழுதினாலும் இலாபப் பங்கை மட்டும் எழுதி விடுகிறார்கள். வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் ஒரு பங்காளி இறந்ததும் பங்குடைமை கலைந்துவிடும். எனவே ஒப்பந்தத்தில் இவை வர வேண்டும்: மற்றவர் வியாபாரத்தைத் தொடரலாமா, இறந்தவரின் பங்கை எந்தத் திகதிக் கணக்கில் மதிப்பது, சரக்கை வாங்கிய விலைக்கா விற்கும் விலைக்கா எடுப்பது, விதவைக்கு எத்தனை மாதத்தில் எத்தனை தவணையாகக் காசு கொடுப்பது, அதுவரை காசோலையில் யார் கையெழுத்து. கடை நிற்கும் காணி இருவரில் ஒருவரின் முதுசம் என்றால் வாடகை ஒப்பந்தமும் தனியாக வேண்டும். இல்லாவிட்டால் கடை தம்பிக்கும் நிலம் அண்ணன் பிள்ளைகளுக்கும் என்று பிரிந்து, கதவு பூட்டியபடி கிடக்கும்.