மரபணு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பூர்வீகம் தேடுவது எப்படி?

காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தோம் என்பது செட்டிநாட்டு நகரத்தார் வழக்கு. அதை மரபணுவில் தேடுமுன் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய இசைகுடிமானங்களை (திருமண ஒப்பந்த ஓலைகளை) எடுங்கள். பெயர், ஊர், கோயில் (நகரத்தாரின் குலப்பிரிவு) மூன்றையும் தலைமுறை வாரியாக எழுதுங்கள். சுவீகாரம் வந்தவர்களைத் தனியே குறிப்பது மிக முக்கியம். பெற்றவர் வேறு கோயில் என்றால், புள்ளிக் கணக்கு (கோயிலில் பதிந்த குடும்பக் கணக்கு) ஒன்று சொல்லும், ஒய் குரோமோசோம் இன்னொன்று சொல்லும். இரண்டும் பொய்யில்லை.

ஒய் காட்டுவது தந்தைவழி மட்டும். மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டும். பத்தாம் தலைமுறையில் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. ஒய்யும் மைட்டோகாண்ட்ரியாவும் தொடுவது அதில் இரண்டைத்தான்.

சமூகத்துக்குள்ளேயே மணம் செய்ததால் தூரத்துச் சொந்தமும் அறிக்கையில் நெருங்கிய சொந்தமாகத் தெரியும். இருவருக்கும் பொதுவான மரபணுப் பங்கின் கூட்டுத்தொகையை மட்டும் நம்பாதீர்கள். பொதுவான துண்டுகளில் மிக நீளமானது எவ்வளவு என்று பாருங்கள். 7 சென்டிமார்கனுக்கு (மரபணுத் துண்டை அளக்கும் அலகு) குறைந்த துண்டுகளை ஒதுக்குங்கள்.

அறிக்கை காட்டும் பூர்வீகச் சதவீதம் பெரும்பாலும் இன்று வாழ்பவர்களோடு ஒப்பிட்ட கணக்கு. ஒப்பீட்டுப் பட்டியல் மாறினால் அதுவும் மாறும். அதைக் காட்டிப் பக்கத்து ஊராரை 'வந்தேறி' என்பது அநியாயம். நிலத்துக்குப் பேசுவது பத்திரமும் பட்டாவும். மரபணுச் சோதனைக்கு எச்சில் கொடுக்கும் குழாய் அல்ல.