கேசினோவில் உங்களுக்கு எவ்வளவு இலவசம் கிடைக்கும்? நீங்களே கணக்குப் போடுவது எப்படி

கேசினோவில் ஃப்ளோர் சூப்பர்வைசராகப் பல வருடம் வேலை பார்த்தேன். யார் எந்த மேசையில் உட்கார்ந்தார், சராசரியாக எவ்வளவு பந்தயம் கட்டினார், எப்போது எழுந்து போனார் என்று குறித்து வைப்பது என் வேலையில் பெரிய பகுதி. "இவ்வளவு தோற்றிருக்கிறேன், ஒரு வேளைச் சாப்பாடு கூடத் தரக் கூடாதா?" என்று கோபமாகக் கேட்பவர்களை அடிக்கடி பார்ப்பேன். அவர்கள் கேட்டதில் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும். ஆனால் அன்று எவ்வளவு தோற்றோம் என்பது அந்தக் கணக்கில் பெரும்பாலும் வருவதே இல்லை.

கேசினோ பார்ப்பது, நீங்கள் ஆடிய ஆட்டத்துக்கு எவ்வளவு தோற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை. தொழிலில் இதைத் தியோ என்போம். சராசரி பந்தயத்தை, ஒரு மணி நேரத்தில் நடக்கும் ஆட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அதை ஆடிய மணி நேரத்தால் பெருக்குங்கள். கடைசியில் அந்த ஆட்டத்தில் கேசினோவுக்கு இருக்கும் சாதக சதவீதத்தால், அதாவது கட்டும் பந்தயத்தில் சராசரியாகக் கேசினோவிடமே தங்கிவிடும் பங்கால் பெருக்குங்கள். வருவதில் சுமார் 20 முதல் 40 சதவீதம் வரை அறையாக, சாப்பாடாக, காட்சி டிக்கெட்டாக உங்களுக்குத் திரும்பி வரும்.

எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். இரண்டு பூஜ்யம் உள்ள ரூலட்டில் சுற்றுக்கு 100 வைக்கிறீர்கள், மணிக்கு 40 சுற்று, நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 16,000 பந்தயம். சாதகம் 5.26 சதவீதம் என்பதால் தியோ சுமார் 840. முப்பது சதவீதம் என்றால் 250 அளவுக்குக் கிடைக்கலாம். ஒற்றைப் பூஜ்ய ரூலட்டில் சாதகம் 2.70 சதவீதம்தான். அதே பந்தயம், அதே நேரம், ஆனால் காம்ப், அதாவது கேசினோ தரும் இலவசச் சலுகை, பாதியாகிவிடும். பாதி கிடைக்கிறதே என்று வருந்தாதீர்கள். எதிர்பார்ப்பு நஷ்டமும் அங்கே பாதிதான்.

பாக்கரா என்ற சீட்டாட்டத்தில் பேங்கர், பிளேயர் என்று இரண்டு பக்கம் உண்டு; பேங்கர் பக்கம் கட்டினால் சாதகம் 1.06 சதவீதம், பிளேயர் பக்கம் 1.24. மணிக்கு 70 கை, கைக்கு 100, நான்கு மணி நேரம் ஆடினாலும் தியோ 300 முதல் 350க்குள் நின்றுவிடும். இப்போது ஸ்லாட் இயந்திரத்தைப் பாருங்கள். சுற்றுக்கு வெறும் 3 வைத்து, மணிக்கு 600 முறை பொத்தானை அழுத்துபவர் நான்கு மணி நேரத்தில் 7,200 ஓட்டிவிடுகிறார். இயந்திரத்தின் சாதகம் 10 சதவீதம் என்றால் தியோ 720. பாக்கரா மேசையில் நூறு நூறாக வைத்தவரை விட இவர் கேசினோவுக்கு இரண்டு மடங்கு மதிப்புள்ளவர்! 1990களின் கடைசியில் ஹாராஸ் என்ற கேசினோ நிறுவனத்துக்கு வந்த கேரி லவ்மன் இதைத்தான் தரவுகளில் கண்டுபிடித்தார். வாடிக்கையாளர்களில் 26 சதவீதம் பேரிடமிருந்து 82 சதவீத வருமானம் வந்துகொண்டிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆசிரியர், தொழிலாளி போன்ற சாதாரண நடுத்தர வயதினரும் முதியவர்களும். அதனால்தான் உங்கள் அம்மா வயதில் இருப்பவருக்கு இலவச அறைக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் யாருக்காவது அப்படி வந்தால், தயவுசெய்து இந்தக் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

சரி, கணக்கில் உங்கள் பெயர் சரியாக ஏற என்ன செய்ய வேண்டும்? ஸ்லாட்டில் பிளேயர்ஸ் கிளப் (கேசினோவின் வாடிக்கையாளர் சங்கம்) உறுப்பினர் கார்டைச் செருகினால் போதும், ஒவ்வொரு சுற்றும் தானாகப் பதிவாகிவிடும். மேசையில் அப்படி இல்லை. சிப் வாங்கும்போதே கார்டைக் கொடுங்கள், ஆடி முடித்த பிறகு கொடுத்தால் பயனில்லை. சராசரி பந்தயம் என்பது சூப்பர்வைசர் கண்ணால் பார்த்துப் போடும் மதிப்பீடு. பல மேசைகளை ஒரே நேரத்தில் கவனிக்கும்போது, நீங்கள் உட்கார்ந்ததும் வைக்கும் முதல் சில பந்தயங்கள்தான் எங்கள் கண்ணில் நன்றாகப் படும். எழும்போது, "என்னை எவ்வளவுக்குப் பதிந்திருக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்தலாம்.

அடுத்த முறைக்கான அழைப்புகளைப் பல இடங்களில் ஒரு நாள் சராசரியை வைத்து முடிவு செய்கிறார்கள். ஒரு நாள் முழுக்க ஆடிவிட்டு, மறுநாள் கிளம்பும்முன் கார்டைப் போட்டு பத்து நிமிடம் ஆடினால் அது இரண்டாவது நாளாகக் கணக்கில் ஏறி, சராசரி ஏறக்குறைய பாதியாகிவிடும்.

வந்த சலுகையின் உண்மையான மதிப்பையும் பாருங்கள். காலியாகக் கிடக்கப் போகும் வார நாள் அறையைக் கொடுப்பதில் அவர்களுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. வார இறுதி அறை கேட்டால் கை இறுகுவதும் இதனால்தான். ஸ்லாட்டில் தரும் ஃப்ரீ பிளே, அதாவது ஆட மட்டும் தரும் இலவசத் தொகை, பணமாக எடுக்க முடியாதது. ஒருமுறை ஓட்டி முடித்தால் சராசரியாக முகமதிப்பில் பத்தில் ஒன்பது பங்கு கைக்கு வரும். உங்கள் சொந்தப் பந்தயத்தோடு சேர்த்து வைக்கும் மேட்ச் பிளே கூப்பனின் மதிப்பு எழுதியிருப்பதில் பாதிக்கும் சற்றுக் குறைவு.

"இன்னும் ஒரு மணி நேரம் ஆடினால் இரவுச் சாப்பாடு இலவசம்" என்று ஹோஸ்ட் (வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொள்ளும் கேசினோ ஊழியர்) சொன்னால், மேலே சொன்ன ரூலட் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தின் எதிர்பார்ப்பு நஷ்டம் 210. சாப்பாடு 60 என்றால், காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போய்த் தூங்குங்கள்.

அழைப்புகள் வருவதே தொந்தரவாக இருந்தால், பிளேயர்ஸ் கிளப் மேசையில் உங்கள் பெயரை விளம்பரப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டமே கையை மீறுகிறது என்று தோன்றினால் சுயவிலக்கு படிவம் கேளுங்கள். அதில் கையெழுத்திட்டால் உள்ளே நுழைவதும் நிற்கும், சலுகைக் கடிதங்களும் நிற்கும்.